கரையேறிய நாற்றுகள்

வலங்கைமான் பக்கத்துச் சிறைப் பண்ணையில் குறுவை நட்ட மறுநாள் காலை, நாற்றுகள் அத்தனையும் வயலைவிட்டு ஏறி வரப்பில் உட்கார்ந்திருந்தன. வேரில் சேறு சொட்டியது. மற்றபடி வாட்டம் எதுவும் இல்லை. கைதிகளை மறுபடி நடச் சொன்னார்கள், அவை மறுபடி ஏறின. வேளாண்மைத் துறையிலிருந்து வந்தவர் மண்ணைப் பார்த்துவிட்டு, துத்தநாகம் குறைவு என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

மண்ணில் ஒரு குறையும் இல்லை. இந்தப் பக்கத்தில் நடவாட்களுக்கு மனக்குறை என்றால் கரையேறி வரப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். நிலத்துக்காரர் வந்து என்னவென்று கேட்டுத்தான் ஆகவேண்டும். கைதிகளுக்கு மட்டும் அது கிடையாது. முந்தைய வாரம் அப்துல் ஜலீல் என்ற கைதி காய்ச்சலோடு கரையேறப் பார்த்தார். திரும்ப இறக்கிவிட்டார்கள், சேற்றிலேயே சுருண்டு விழுந்தார். காய்ச்சல்காரனை வயலில் இறக்கக் கூடாது என்று கேட்பதற்காக, உடன் வேலைசெய்த வீரையன் ஒரு சங்கம் சேர்த்தார். கைதிக்கு ஏதுய்யா சங்கம் என்று பண்ணை அதிகாரி குணசேகரன் வயிறு குலுங்கச் சிரித்தார். அதற்கப்புறம்தான் நாற்றுகள் ஏறின.

வாய்க்காலில் முறைவைத்து விடும் தண்ணீர் நின்றுபோகப்போகிற நேரம், அதற்குள் நடவு முடிந்தாக வேண்டும். வீரையனுக்கோ முன்விடுதலை கிட்டத்தட்ட உறுதி. ஆவணியில் மகள் வானதிக்குக் கல்யாணம். குணசேகரன் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ சொன்னா இறங்கும்யா. இறக்கிவிட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போ."

வீரையனுக்குப் போக ஆசை இல்லாமலா? மகளை மணக்கோலத்தில் பார்க்கத் தவியாய்த் தவித்த மனிதர் அவர். வரப்பில் வெகுநேரம் நின்றார். பிறகு, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று நாற்றுகளிடம் மரியாதையாகச் சொன்னார். அவை தள்ளி இடம் கொடுத்தன, அவரும் உட்கார்ந்தார். பின்னாலேயே மற்ற கைதிகளும் ஏறினார்கள். அன்று மாலையே அவருடைய விடுதலை ரத்தானது.

தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் குணசேகரன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வரப்புக்கு வந்து, என்ன குறை என்று கேட்டார். நோயாளிக்கு ஓய்வு, எதுவானாலும் சங்கத்தோடு பேச்சு என்று முடிவானது. நாற்றுகள் தாமாக இறங்கி வரிசை பிசகாமல் நின்றுகொண்டன. விளைச்சலும் மோசமில்லை.

ஆவணி கழிந்து வானதி மனுப்போட்டுப் பார்க்க வந்தாள். கழுத்தில் தாலி இல்லை. கல்யாணம் நின்றுபோனதோ என்று வீரையன் பயந்தார்.

"நீங்க வர்றது ஏன் தள்ளிப்போகுதுன்னு மாப்பிள்ளை வீட்ல கேட்டாங்கப்பா. நாத்து கரையேறிடுச்சு, அப்பாவும் கூட உக்காந்துட்டாங்கன்னு சொன்னேன். அவங்க குத்தாலத்துல நடவு வேலை பாக்குறவங்க. அப்ப எப்படிம்மா எந்திரிச்சு வருவாரு, அவரு வந்தப்புறமே வச்சுக்கலாம்னுட்டாங்க."

வீரையன் அப்போதுதான் அழுதார்.