விட்டுவிட்ட சத்தம்

காப்பீட்டு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் அவருக்கு வேலை. நாள் முழுக்கக் காதில் போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? டாக்டர் மாத்திரையோடு தியானத்தையும் சொல்லி அனுப்பினார். மாத்திரையை மறந்தாலும் தியானத்தை மறக்கமாட்டார். காலையில் அவர் அறைக்கதவு சாத்தியிருந்தால் வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது.

அன்று மனைவி வேலைக்குக் கிளம்பும்போதே சொன்னாள்: "கதவைச் சாத்தாதீங்க. உங்கப்பா பாத்ரூம் போகணும்னா கூப்பிடுவாரு. அவர் தனியா எழுந்து நடந்தா விழுந்துடுவாரு."

"எனக்குன்னு அரைமணி நேரம்கூடக் கெடையாதா? நீ கெளம்பு."

கதவைச் சாத்திக்கொண்டு கண்ணை மூடினார். போனில் தியானப் பயிற்சியாளரின் குரல் குழைந்தது: எந்தச் சத்தம் வந்தாலும் வரட்டும், பின்னாலேயே போகாதீர்கள், விட்டுவிடுங்கள். தெருவில் ஹாரன் அலறியது. விட்டார். மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். விட்டார்.

"தம்பி... தம்பி..."

பக்கவாதம் வந்ததிலிருந்து குழறும் அப்பாவின் குரல். அதையும் விட்டார். அன்றைக்குத்தான் மனம் அசையாமல் நின்றதாக அவருக்குப் பெருமை வேறு!

வெளியே வந்தபோது அப்பா குளியலறை வாசலில் நனைந்த துணியோடு கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து சில நாள் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டார். வீட்டில் அது மனைவியின் வேலை. சுருங்கிய தோலை விரலால் இழுத்துப் பிடித்து, வெட்டுப்படாமல் கத்தியை இறக்கினார். ஆபீஸ், திட்டு எதுவும் நினைவில் இல்லை. இத்தனை மாதம் கதவைச் சாத்திக்கொண்டு தேடிய நிம்மதி இங்கே தானாக வந்திருந்தது.

நர்ஸ் வந்து போர்வையை விலக்கினாள். "அய்யோ, படுக்கையெல்லாம் நனைஞ்சிருக்கே! பிள்ளை பக்கத்துலதானே இருக்காரு? ஒரு குரல் கொடுக்கக் கூடாதா பெரியவரே?"

"கூப்பிட்டா... வரமாட்டாங்கம்மா" என்றார் அப்பா. குரலில் கோபமே இல்லை.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அப்போதுதான் உள்ளே வந்த மனைவியின் காதிலும் அது விழுந்தது. அன்று அப்பா கூப்பிட்டதையும் தான் விட்டதையும் அவளிடம் அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"தியானம் பண்ணினது தப்பில்லைங்க" என்றாள். "கூப்பிடற மனுஷனையும் சத்தத்தோட சத்தமா விட்டீங்களே, அதுதான் தப்பு. எழுந்துபோய் என்னன்னு கேட்டுட்டு வந்து உக்காந்தா எந்த அமைதியும் கெட்டுப்போயிடாது. கேக்காம இருந்துட்டு வர்ற அமைதி நமக்கு வேண்டவே வேண்டாம்."

அவர் படுக்கை விரிப்பை மாற்ற ஒரு பக்கம் போய்ப் பிடித்தார்.