காயை ஜானு நகர்த்துவா

“ஹேமா, ஒரு நிமிஷம் உள்ள வா.”

முரளீதரன் குரலை உயர்த்தவில்லை. மனைவி சமையலறைக்குள் வந்ததும்தான் முகம் மாறியது.

“உன் ஃப்ரெண்டைப் பரமபதம் ஆடக் கூப்பிட்டது யாரு?”

“ஜானுதான் கூப்பிட்டா.”

“அது பெருமாள்கிட்ட வெச்சு எடுத்த படம். அவ ஊர் தென்னேரியில எந்தத் தெருன்னு அவகிட்ட கேட்டேன். காலனின்னு சொன்னா. எழுந்து போன்னு நான் சொல்லலை. கட்டையை உருட்டட்டும். காயை ஜானு நகர்த்தட்டும். நீயே பதமாச் சொல்லிடு.”

ஹேமாம்புஜம் தலையாட்டினாள்.

அன்று வைகுண்ட ஏகாதசி. உபவாசம் இருப்பவர்கள் பகலில் தூங்கக் கூடாது என்று அந்த வீட்டில் வருடாவருடம் பரமபதப் படத்தை விரிப்பார்கள். ஜெயப்ரியாவும் ஹேமாம்புஜமும் ஒரே அரசுப் பள்ளியில் ஆசிரியைகள். மத்தியானம் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். ஜெயப்ரியாவின் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதத்தை ஹேமாம்புஜம் எத்தனையோ முறை கையாலேயே எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள். கோயிலுக்கு வரும்போது வீட்டுக்கும் வந்து போகச் சொன்னதும் அவள்தான்.

கூடத்தில் ஜெயப்ரியா காயாக வைத்திருந்த சோழியைப் பாம்பு அப்போதுதான் கீழே இறக்கியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஹேமாம்புஜத்தின் மகள் ஜாஹ்னவி கைதட்டிச் சிரித்தாள். ஜெயப்ரியாவும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஜெயா, தப்பா நினைச்சுக்காதீங்கோ. இது பூஜைப் படம். ஆத்து மனுஷாதான் தொடணும்னு ஒரு சம்பிரதாயம். நீங்க உருட்டுங்கோ, காயை ஜானு நகர்த்துவா.”

“அப்படியா டீச்சர்? எனக்குத் தெரியாது.” ஜெயப்ரியாவின் கை மடிக்குத் திரும்பியது.

“ஏம்மா, போன வருஷம் எதிராத்து ஸ்வேதா தொட்டாளே?” என்றாள் ஜாஹ்னவி.

முரளீதரன் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். ஜெயப்ரியா நிமிர்ந்து தோழியைப் பார்த்தாள். ஹேமாம்புஜம் படத்திலிருந்த பாம்பைப் பார்த்தாள். ‘நீங்களே நகர்த்துங்கோ’ என்று சொன்னால் போதும். சொல்ல வாய் வரவில்லை.

ஜெயப்ரியா எழுந்து போய்விடுவாள் என்றுதான் ஹேமாம்புஜம் நினைத்தாள். ஜெயப்ரியாவோ கட்டையை எடுத்து உருட்டினாள். விழுந்த எண்ணுக்கு ஒரு சின்ன ஏணி கிடைத்தது. குழந்தை விரலை நீட்ட, அந்தக் கையை மெதுவாக விலக்கினாள்.

“இருக்கட்டும்மா. நான் போட்டது. நானே ஏறிக்கறேன்.”

சோழியை எடுத்து, ஏணி முடிந்த கட்டத்தில் வைத்துவிட்டு எழுந்தாள்.

“ஆட்டம் முடியலையே மிஸ்!”

“எனக்குப் போதும் கண்ணு.”

வாசலில் செருப்பை மாட்டும்போது ஹேமாம்புஜம் பின்னாலேயே வந்தாள். “ஜெயா, அவர் கொஞ்சம் அந்தக் காலத்து…”

“சார் எந்தத் தெருன்னு கேக்கறப்பவே எனக்குப் புரிஞ்சிபோச்சு டீச்சர். அது புதுசு இல்ல. எங்க போனாலும் நடந்துக்கினுதான் இருக்குது. ஆனா நீங்க வந்து சொன்னீங்க பாருங்க…” பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

ஹேமாம்புஜம் உள்ளே திரும்பியபோது கூடம் காலியாக இருந்தது. கொல்லைக் குழாயடியில் முரளீதரன், லேமினேட் செய்த அந்தப் படத்தை மஞ்சள் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தார். ஜாஹ்னவி பக்கத்தில் நின்றாள்.

“எதுக்குப்பா அலம்பறே?”

“தூசிடி.”

குழந்தை அம்மாவிடம் திரும்பினாள். “நெஜமாவாம்மா?”

“தூசி இல்லை. அந்த மிஸ் வேற ஜாதி. அவா கை பட்டுடுத்துன்னு அப்பா அலம்பறார்.”

“ஹேமா! குழந்தைகிட்ட என்ன பேச்சு இது?”

“நீங்க அதைச் செய்யலாம், நான் சொல்லக் கூடாதாக்கும்?” மகளின் முன் குனிந்தாள். “சம்பிரதாயம்னு நான் சொன்னேனே ஜானு, அது பொய். அப்பா சொல்லச் சொன்னார். நான் போய்ச் சொன்னேன்.”

ஜாஹ்னவி அம்மாவையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் ஹேமாம்புஜம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.