டாக்டர் சொன்ன நேரம்

பாடைக்கு மூங்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சடங்கு செய்ய வந்த கங்காதரன் பஞ்சாங்கத்தை மடியில் விரித்துக்கொண்டு பக்தவத்சலத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"புள்ளைக்கு உசுரு எப்ப போச்சு பெரியவரே?"

"காலையில பத்து மணிக்கு. டாக்டரே வெளிய வந்து சொன்னாரு."

கங்காதரன் உதட்டைப் பிதுக்கினார். "ஒம்பதரையோட திருவோணம் முடிஞ்சிடுச்சி. அவிட்டத்துல போய்க்கிறான். அடைப்பு கீது. அவன் படுத்த ரூமை ஆறு மாசம் பூட்டி வெக்கணும்."

டாங்க் பேக்டரியில் போர்மேனாக இருந்து, ஓய்வுபெற்ற பணத்தில் கரையான்சாவடியில் பெரியவர் கட்டிய வீடு. கூடத்தை விட்டால் அந்த ஒரு அறைதான்.

வாசலில் நின்ற மருமகன் வரதன் தொண்டையைச் செருமினான். பூந்தமல்லி நர்சிங் ஹோம் ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன். டாக்டர் கேட்கும் முன்பே கத்தியையும் கத்திரியையும் கையில் கொடுப்பவன். குடல் ஓட்டையாகிச் சுருண்டு விழுந்த மகன் குணாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லித் தெருவே மன்றாடியது. "எங்க மாப்பிள உள்ளயே கீறாரு" என்று சொல்லிப் பெரியவர் அங்கேதான் சேர்த்தார்.

"பத்து இல்ல, எட்டரை," என்றான் வரதன். "அடைப்பு வராது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் மாப்பிள?"

"நான் உள்ளதான மாமா இருந்தேன்."

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். ஒன்பது மணிக்குப் பச்சை உடுப்போடு வெளியே வந்தவன் இவன்தான். 'ஆபரேஷன் நடந்துகினு கீது மாமா. சக்கரை ஒடம்பு, எதுனா சாப்டுங்க.' மகள் வசந்தா இட்லி வாங்கி வந்தாள். சட்னி போதவில்லை என்று அவர் குறைகூடச் சொன்னார்.

"உள்ள என் புள்ள பொணமா கிடக்கறான். வெளிய என்னை இட்லி துன்ன வெச்சியா நீ?" இத்தனை வருடம் மருமகனுக்குக் கொடுத்த மரியாதை ஒரே வாக்கியத்தில் போயிற்று.

"சொல்றது டாக்டர் வேலை மாமா. தையல் போட்டு, தொடச்சி, கட்டு கட்டி முடிக்கறவரைக்கும் நாங்க வாயத் தொறக்கக் கூடாது."

"டாக்டருக்கு நீ வேலக்காரன். எனக்கு யாருடா? எறங்குடா படிய விட்டு!"

பிணத்தின் தலைமாட்டிலிருந்து வசந்தா எழுந்தாள்.

"அவர இன்னாத்துக்கு நைனா தொரத்துற? எங்கிட்ட அவரு அப்பவே சொல்லிட்டாரு. உனுக்குத் தெரிஞ்சா பச்சத் தண்ணி குடிக்க மாட்ட, மயங்கி வுழுவ. நான்தான் சொல்ல வேணாம்னேன்."

"நீயும்தான் துன்ன."

"நான் துன்னாதான நீ துன்னுவ."

மூங்கில் பிளந்துகொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான்.

"அப்ப எட்டரைன்னே வெச்சிக்கறேன்," என்றார் கங்காதரன். "ரூமு தப்பிச்சிது."

"பத்து."

"பெரியவரே..."

"டாக்டர் சொன்ன நேரந்தான் நேரம். நான் துன்னப்போ எம்புள்ள உசுரோட இருந்தான். பத்துன்னு போடு."

"நைனா, நீயும் அந்த ரூமுலதான படுக்கற!"

அவர் மகள் பக்கம் திரும்பவில்லை.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்த ஈர வேட்டியோடு குணாவின் அறைக் கதவை இழுத்தார். ஐப்பசி மழையில் பலகை உப்பியிருந்தது, சேரவில்லை. வரதன் கைகொடுக்கப் படியேறி ஓரடி வைத்தான். பெரியவர் தோளைக் கொடுத்து முட்டினார். மறுபடி முட்டினார். தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டினார்.

கூடத்தில் குணாவைக் கிடத்தியிருந்த இடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள், தரை இன்னும் காயவில்லை. துண்டை உதறி அதன்மேல் விரித்துப் படுத்தார். வசந்தா பக்கத்து வீட்டுப் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.