தூர்ந்த குழி

மட்டிச் சிப்பி அள்ளுகிறவர்கள் ஆற்றில் பின்னோக்கித்தான் நடப்பார்கள். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் கம்பிக்கூடை. கூடையின் வாய் மணலைக் கீறிக்கொண்டு வரவேண்டும் என்றால், முகத்தைக் கரைப்பக்கம் வைத்துக்கொண்டு ஓரோர் அடியாகப் பின்வாங்க வேண்டும். குதிகாலில் ஓடு தட்டுப்பட்டதும் நின்று, கூடையை அழுத்தி இழுத்து, உலுக்கி, மணல் போனபின் மட்டியை மிதக்கும் தகரத்தொட்டியில் கொட்ட வேண்டும். மட்டி ஓடு வாங்கிப்போகிற சுண்ணாம்புச் சூளை வண்டி சீக்கிரம் வருகிறது என்று சொல்லி அனுப்பியிருந்ததால், சுருட்டையும் அவள் நாத்தனாரும் அன்று மற்ற பெண்களுக்கு முன்பே தண்ணீரில் இறங்கியிருந்தார்கள்.

சுருட்டைக்குத் தலைமுடியால் வந்த பெயர். நாத்தனாருக்கு வாயால் வந்த பெயர், வாயாடி. இடுப்பளவு தண்ணீரில், ஈரம் தோள்வரை ஏறி, விரல்கள் வெளுத்துப்போய் நிற்கும்போதும் அவள் வாய் மட்டும் ஓயாது.

"அண்ணி, எங்கண்ணன் விட்ட குறட்டை எங்க வீட்டுச் சுவரு வரைக்கும் அதிருச்சு. நீ எப்படித்தான் தூங்குறியோ போ!"

"பழகிப்போச்சுடி. அது நின்னாத்தான் எனக்கு முழிப்பே வருது."

"நல்ல ஆளுக்குத்தான் வாக்கப்பட்ட!"

வாயாடிக்கும் புருஷன் உண்டு. எங்கே என்றுதான் தெரியாது. பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தபோது வேலை தேடிப் போகிறேன் என்று கிளம்பியவன் அப்படியே போய்விட்டான். அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. சிட்டு என்று தான் கூப்பிடும் அந்தப் பெண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை போட்டுக்கொண்டாள். சுருட்டைக்குப் பிள்ளை இல்லை. சிட்டு காலையில் கண் விழிப்பது ஒரு வீடு, சாப்பிடுவது ஒரு வீடு என்று இரண்டு வீட்டிலும் வளர்ந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிற வயசு.

அந்த ஊரே மட்டி ஓட்டின் மேல்தான் நின்றது. எந்தக் காலத்திலோ யார் யாரோ அள்ளி, அவித்து, தின்று கொட்டிய ஓடு. கம்பம் நடக் குழி பறித்தாலும் ஓடுதான் வரும், செடி வைக்கக் கிளறினாலும் ஓடுதான் வரும். வெள்ளம் ஏறிய வருஷங்களில் அக்கரையில் வீடுகள் போயின, இந்த மேடு மட்டும் நின்றது. பெண்கள் இன்னமும் ஆற்றில்தான் இறங்கினார்கள். ஆண்கள்தான் மணல் படகுகள் வந்ததிலிருந்து ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சுருட்டையின் புருஷன் நெட்டையும் அங்கேதான் வேலை பார்த்தான். படகை நிறுத்தி, வாளியோடு முங்கி, அடிமணலை அள்ளி அள்ளி ஏற்றுகிற வேலை. அள்ளிய இடத்தில் பெரிய பெரிய குழிகள் விழுந்தன. மேலே தண்ணீர் மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும்.

பின்னோக்கி நடக்கிற பெண்களுக்குக் குழி எமன் என்று ஆண்களுக்குத் தெரியாதா? எல்லாம் அவரவர் வீட்டுப் பெண்கள்தான். அதனால் தோண்டிய குழியின் ஓரத்தில் ஒரு மூங்கிலை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். ஆறு தானே மணல் கொண்டுவந்து குழியைத் தூர்த்துவிட்டால், முங்கிப் பார்த்துவிட்டு மூங்கிலைப் பிடுங்கிவிடுவார்கள். மூங்கில் நின்றால் குழி இருக்கிறது, மூங்கில் போனால் குழி தூர்ந்துவிட்டது. அப்படித் தூர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் யார் கூடையும் படாமல் மட்டி அப்பிக்கிடக்கும். முதலில் போகிறவளுக்குத்தான் அதிர்ஷ்டம். மூங்கிலைக் காணோம் என்றால் பெண்கள் தண்ணீரிலேயே ஓட்டப்பந்தயம் விடுவார்கள்.

அன்று முதலில் பார்த்தது வாயாடி.

"அண்ணி! அங்க பாரேன், வளைவுகிட்ட. மூங்கிலைக் காணோம்!"

சுருட்டை திரும்பிப் பார்த்தாள். வளைவுக்கு இந்தப் பக்கம் நான்கைந்து மூங்கில்கள் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர் வெயிலில் மின்னியது.

"நேத்து சாயங்காலம் இருந்துச்சேடி."

"மேல மழை பெஞ்சு தண்ணி இழுத்துக்கிட்டு வந்துச்சுல்ல, தூந்திருக்கும். அண்ணன்தான் வந்து பிடுங்கியிருக்கும். நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லுச்சா பாரு, அழுத்தக்காரன்!"

"கொஞ்சம் பொறுடி. அவர் வரட்டும், கேட்டுக்கலாம்."

"கேட்டுக்கிட்டு இருந்தா மத்தவளுங்க வந்து வழிச்சுருவாளுங்க. சிட்டுவுக்குச் செருப்பு அறுந்துபோச்சு அண்ணி, வெறுங்காலோட போகுது. நீ மெதுவா வா."

சுருட்டையும் மறுத்துப் பேசவில்லை. அவளுக்கும் ஆசைதான். தன் கூடையை உலுக்கிக் கொட்டிவிட்டுப் போகலாம் என்று நின்றாள். வாயாடி தொட்டியைத் தள்ளிக்கொண்டு போய், வளைவருகே திரும்பி நின்று, கூடையைப் போட்டு இழுக்கத் தொடங்கினாள். இரண்டு இழுப்பிலேயே கூடை கனத்துவிட்டது போல. அங்கிருந்தே கையை ஆட்டினாள்.

"அண்ணி, ஐயோ, கொட்டிக்கிடக்கு! கால வைக்க எடமில்ல, ஓடி வா!"

சொல்லிக்கொண்டே இன்னும் ஓரடி பின்வாங்கினாள். அவ்வளவுதான். தலை இருந்த இடத்தில் தலை இல்லை. தகரத்தொட்டி மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டு நின்றது.

வாயாடிக்கு நீச்சல் தெரியும். அந்த ஊரில் நீச்சல் தெரியாதவர்கள் யார்? ஆனால் இடுப்புக் கயிற்றில் நிறைந்த கூடை தொங்கியது, குழியின் ஓரத்து மணல் சரிந்து கூடையின் மேல் விழுந்திருந்தது. சுருட்டை தன் கயிற்றை அவிழ்த்தெறிந்துவிட்டு வந்து முங்கினாள். கை கிடைத்தது. அந்தக் கை இவள் கையை இறுக்கிப் பிடித்தது. இழுத்தாள், வரவில்லை. மூச்சு வாங்க மேலே வந்து, "ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று கத்திவிட்டு மறுபடி முங்கினாள். கயிற்று முடிச்சைத் தேடினாள். ஈரத்தில் ஊறிய முடிச்சு கல்லாகிப்போயிருந்தது. நகம் பெயர்ந்தது, முடிச்சு அசையவில்லை. மூன்றாம் முறை முங்கியபோது அந்தக் கை இவள் கையைப் பிடிக்கவில்லை.

மணல் படகுகள் அன்று பக்கத்தில் இல்லை. வெகுதூரம் மேலே, நாணல் புதருக்குப் பின்னால் கட்டிக்கிடந்தன. ஆண்கள் ஓடிவந்து சேர்ந்தபோது, கரைக்கு வந்திருந்த பெண்கள் கயிற்றை அரிவாளால் அறுத்து அவளைக் கரையில் கிடத்தியிருந்தார்கள். நெட்டை தங்கையின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. வளைவுப் பக்கம் பார்த்தான், தன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் பகலில், சிட்டு பக்கத்து வீட்டில் தூங்கும்போது, சுருட்டை அவனிடம் கேட்டாள். சோற்றுத்தட்டு அவன் முன்னால் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏங்க, அந்தக் குழி தூரலையே. மூங்கிலை யாருங்க பிடுங்கினது?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"நான்தான்."

சுருட்டை அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ஆத்தைப் பாக்க அதிகாரி வர்றாருன்னு மணல் மேஸ்திரி சொன்னாரு. நமக்கு அள்ள அனுமதி கொடுத்தது வளைவுக்கு அந்தப் பக்கம்தானாம். இந்தப் பக்கம் மூங்கில் நின்னா காட்டிக்கொடுத்துடும்னு பிடுங்கச் சொன்னாரு. அதிகாரி போனதும் நட்டுடலாம், பொம்பளைங்க வெயில் ஏறித்தான் வருவாங்கன்னு சொன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன். அந்த ஆளு நேரத்துக்கு வரலை. நான் போய் நட்டுட்டு வந்துடறேன்னு எவ்வளவோ கெஞ்சினேன். புதரைவிட்டு ஒருத்தனும் வெளிய வரக்கூடாதுன்னுட்டாரு."

"சூளை வண்டி சீக்கிரம் வருதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"யாரு சொன்னா எனக்கு? நீ சொன்னியா?"

அவள் சொல்லவில்லைதான். விடியுமுன் கிளம்பிப் போனவனிடம் அதையெல்லாம் சொல்லவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அவனை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. அவன் தலையை மடியில் போட்டுக்கொள்ளவும் வேண்டும் போலிருந்தது. இரண்டும் செய்யாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.

மேஸ்திரி அன்று மாலையே வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தலைகுனிந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். அவரும் கெட்ட மனுஷன் என்று பெயரெடுத்தவர் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மனசு ஆறலைப்பா. என் வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படித்தான் துடிப்பேன். ஆனா நாளைக்கு அதிகாரி விசாரிக்க வர்றாரு. நெதானமா யோசி. குழின்னு ஒரு வார்த்தை வந்தா, யார் தோண்டினதுன்னு அடுத்த கேள்வி வரும். நான் ஒரு நாளாவது படகுல ஏறியிருக்கேனா? முதலாளி இந்தப் பக்கம் தலைகாட்டியிருக்காரா? வாளி பிடிச்சது உங்க கை. மூங்கில் பிடுங்கினது உன் கை. கைக்குத்தானே விலங்கு மாட்டுவாங்க?"

நெட்டை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"படகெல்லாம் நின்னுடும். எத்தனை வீட்டு அடுப்பு இதை நம்பி எரியுது. தண்ணியில இருக்கும்போது வலிப்பு வந்துடுச்சுன்னு சொல்லு. வலிப்பு யாருக்கு வேணும்னாலும் வரும், அதுல யார் மேலயும் குத்தம் இல்ல."

"வலிப்பா?" சுருட்டையால் பொறுக்கமுடியவில்லை. "அவளுக்கு ஒரு காய்ச்சல் தலைவலி வந்து படுத்ததில்லங்க. கல்லு மாதிரி இருந்தா."

"செத்தவளுக்கு என்னம்மா ஆகப்போகுது?" மேஸ்திரி அவளைப் பார்க்காமல், மெதுவாகத்தான் சொன்னார். "இருக்கறவங்களைப் பாக்கணும். அந்தப் பிள்ளைக்கு இனிமே மாமனை விட்டா யாரு?"

மறுநாள் கரையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அதிகாரி இளவயசு, நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஆண்கள் ஒரு பக்கம் கைகட்டி நின்றார்கள், பெண்கள் ஒரு பக்கம் நின்றார்கள். சிட்டு சுருட்டையின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"உங்க தங்கச்சிதானா? எப்படிப்பா நடந்தது?"

நெட்டை கீழே பார்த்தபடி சொன்னான். "அதுக்கு வலிப்பு உண்டுங்கய்யா. தண்ணியில நிக்கும்போது வந்துடுச்சு."

பெண்கள் பக்கத்திலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்து, உடனே அடங்கிவிட்டது. அவர்கள் எல்லாருடைய புருஷன்மாரும் எதிர்ப்பக்கம் நின்றார்கள்.

"அந்த இடத்துல ஆழம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்கய்யா."

அதிகாரி சுருட்டையின் பக்கம் திரும்பினார். "நீங்கதானம்மா கூட இருந்தது? அவர் சொல்றது சரிதானா?"

வாயாடி கடைசியாகப் பிடித்த அந்தப் பிடி இன்னும் சுருட்டையின் கையில் இருந்தது. ஒரே வார்த்தை போதும். சொன்னால் வாயாடிக்கு நியாயம் கிடைக்கும், வாயாடியின் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நெட்டை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சொல்லிவிடு என்று கெஞ்சுகிறானா, சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிறானா, இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கே தெரியவில்லை.

"ஆமாங்கய்யா," என்றாள். "முன்னமே ரெண்டு மூணு தடவை வந்திருக்கு."

கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டோமே என்று சொன்னபிறகுதான் உறைத்தது. ஆண்களோடு நின்ற மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

அதிகாரி எழுந்தார். போகும்போது சிட்டுவைப் பார்த்து நின்றார். குனிந்து அதன் கன்னத்தைத் தட்டினார்.

"இவங்க பொண்ணா? ஜாக்கிரதையாப் பாத்துக்கங்கம்மா. தண்ணிகிட்ட விடாதீங்க, அடுப்புகிட்ட விடாதீங்க. இந்த வியாதி பரம்பரையா வரலாம்."

"சரிங்கய்யா," என்றாள் சுருட்டை.

வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. நாற்காலியை யாரோ மடக்கினார்கள். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நாணல் பக்கம் நடந்தார்கள், நெட்டையும் அவர்களோடு போனான். கொஞ்ச நேரத்தில் படகுகள் வளைவுக்கு வந்து நின்றன, வாளிகள் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. பெண்கள் வந்து ஒவ்வொருவராகச் சுருட்டையின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

சிட்டு புடவையை இழுத்தது.

"அத்தை, அம்மாவுக்கு வலிப்பு வந்துச்சா?"

சுருட்டை ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் வருமா அத்தை?"

வராது கண்ணே என்று வாய்வரை வந்தது. ஏன் வராது என்று பிள்ளை கேட்கும். அதைச் சொன்னால் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது சொல்லும். சுருட்டை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பதில் வராததைக் கண்ட பிள்ளை புடவையை விட்டது. தண்ணீரைவிட்டுத் தள்ளிப்போய் மேட்டில் உட்கார்ந்தது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தது.