வெளி டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. கஸ்பர் மாஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவார்கள். நான் வெளியே போய்ப் பல்லைக் காட்டுவேன். தோட்டத் துரைமாருக்குக் கடிதம் எழுதுவது, பங்களா வாசல்களில் காத்துக் கிடப்பது, பார்க்க வருகிறவர்களைச் சுற்றிக் காட்டி, அவர்கள் மனம் இளகியிருக்கும்போதே உதவி கேட்டு வழியனுப்புவது எல்லாம் என் தலையில். பெற்றீசியா என்ற என் பெயர் பிள்ளைகளின் வாயில் நுழையவில்லை. வெளி டீச்சர் என்று வைத்துவிட்டார்கள்.

1958இல் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கிற பழைய மடுவத்தில் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினோம். இருபத்தொரு பிள்ளைகள். மண்டையில் ஏறாது என்று மற்றப் பள்ளிக்கூடங்கள் அனுப்பிவிட்டவர்கள். வெளியில் மக்குப் பள்ளிக்கூடம் என்பார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவை பஸ்ஸில் ஒருவர் என் காதுபட அப்படிச் சொல்லப்போய், இறங்கவேண்டிய இடத்துக்கு இரண்டு மைல் முன்னாலேயே இறங்கிக்கொண்டார்.

சண்முகவடிவு வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. ஒன்றைச் சொல்லிக்கொடுக்க மாதக்கணக்கில் ஆகும். ஆனால் ஒரு தடவை ஏறிவிட்டால் இறங்கவே இறங்காது. தன் பேரைச் சொல்லப் பழக நான்கு மாதம் எடுத்தாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "சண்முகவடிவு, மூனா நம்பர் லயம், அம்மா பேரு பேச்சியம்மா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரிப்பை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தச் சிரிப்புத்தான் எனக்கு வில்லங்கமாக வந்தது. நுவரெலியாவிலிருந்து நான்கு அம்மாமார் எங்களைப் பார்க்க வந்தார்கள். வடிவு ஓடிப்போய்ப் பேரைச் சொன்னாள், லயத்தைச் சொன்னாள், சிரித்தாள். "இந்தப் பிள்ளைக்கு என்ன குறை? நன்றாகத்தானே இருக்கிறாள்" என்றார் ஒரு அம்மா. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு அப்படியே போய்விட்டார்கள். அன்று பிற்பகல் பிடித்த மழை விடவில்லை. கூரை ஒழுகாத ஒரு மூலையில் இருபத்தொரு பிள்ளைகளும் ஒருவர்மேல் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கூரைமேல் வந்ததா, அந்த அம்மாமேல் வந்ததா, வடிவுமேல் வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாளே வடிவைக் கூப்பிட்டேன். நான் நடத்தாத பாடத்தை அன்றைக்குத்தான் நடத்தத் தொடங்கினேன்.

"வடிவு, சப்பாத்துப் போட்ட ஆளுங்க வந்தா வாயத் தொறக்கக் கூடாது. ரிப்பனை அவுத்து முடிய முன்னுக்கு விட்டுட்டு, தலையக் குனிஞ்சு நிக்கணும். யாரு என்னா கேட்டாலும் பேசக் கூடாது. நா பக்கத்துல நிப்பேன்ல? நா பேசிக்குவேன்."

கஸ்பர் மாஸ்டர் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இது சரியில்ல பெற்றீசியா" என்றார்.

"கூரை ஒழுகுறது மட்டும் சரியா மாஸ்டர்?"

அவர் வகுப்புக்குத் திரும்பிவிட்டார். அவருக்கும் கூரை வேண்டும்.

மூன்று மாதம் ஆயிற்று. சப்பாத்தைக் கண்டால் பேரைச் சொல்ல ஓடுவாள், நான் முறைப்பேன், குழம்பிப்போய் நிற்பாள். சரியாக நின்றால் ஒரு டொபி மிட்டாய் கொடுத்து, "நல்லா நின்னே" என்பேன். ஒரு நாள் அது ஏறிவிட்டது. பிறகு நான் ஒன்றுமே சொல்லவேண்டியதில்லை. வெளியாட்கள் வந்து, நான் அவள் பக்கத்தில் போய் நின்றால் போதும், அவளாகவே ரிப்பனை உருவிவிடுவாள். முடி முகத்தில் விழும். தலை குனியும். நான் மெல்லிய குரலில், "இவளுக்குத் தன் பேர்கூடத் தெரியாது" என்பேன். வந்த அம்மாமார் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சிலேட்டு வந்தது, பால்மா டின் வந்தது, கம்பளி வந்தது. எங்கள் தோட்டத்துத் துரையும் துரைசாணியோடு வந்து, வெகுநேரம் வடிவையே பார்த்துக்கொண்டு நின்றார். கூரைக்குத் தகரம் தருவதாக அவர் சொன்னது அன்றைக்குத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நானே பூரித்துப்போனேன்.

அடுத்த வருஷம் வடிவுக்குப் பதினைந்து வயது. அவள் தாய் பேச்சியம்மாவுக்கு இருமல் முற்றிவிட்டது. கொழுந்தெடுக்க மலையேற முடியவில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லை. செக்ரோல் என்ற தோட்டத்து ஆள்பதிவில் பேர் உள்ள ஒருத்தராவது இல்லாவிட்டால், தோட்டம் கொடுத்த ஒற்றை அறை லயத்துக் காம்பரா கைவிட்டுப் போய்விடும். ஆகவே வடிவுக்குப் பேர் பதிந்தாகவேண்டும். கஸ்பர் மாஸ்டர் ஒரு வருஷமாக இதற்குத்தான் அவளைப் பழக்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து ஓரத்தில் இருந்த தேயிலைச் செடிகளில் தினமும் கொழுந்து எடுக்கவைத்தார். இரண்டு இலையும் ஒரு மொட்டும். ஏழு மாதம் எடுத்தது. அப்புறம் அவள் கையில் ஒரு முத்தல் இலை வந்ததில்லை.

மலையில் ஆட்களிடம் வேலை வாங்கும் கண்டாக்கு அழகுமுத்து ஐயா வந்து, அவள் கூடையில் கையை விட்டுக் கிளறிப் பார்த்தார். "என் மலையில பாதிப் பேரு இப்படி எடுக்க மாட்டாங்க மாஸ்டர்" என்றார். துரையிடம் தானே சொல்வதாகவும் ஒத்துக்கொண்டார். துரை ஒரு தடவை ஆளைப் பார்த்துப் பேர் கேட்பார், அவ்வளவுதான் பாக்கி.

பேச்சியம்மா என்னைத் தேடி வந்தார். "நீங்களும் வாங்க டீச்சர். நீங்க பக்கத்துல நின்னா அவ பயப்படாம நிப்பா."

போனேன். மண்டையில் ஏறாதவள் நான்தான்.

திங்கட்கிழமை காலை, வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு, ஆபீஸ் வாசலில் நின்றோம். வடிவின் தலையை எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார் பேச்சியம்மா. இடுப்பில் கொழுந்துக்காரிகள் கட்டும் படங்குச் சாக்கு, முதுகில் புதுக்கூடை. வரும் வழியில் ஐந்து தடவை பேர் கேட்டுப் பார்த்தோம். ஐந்து தடவையும் பிசகாமல் சொல்லிச் சிரித்தாள்.

துரை வெளியே வந்தார். தோட்டத் தமிழில் அன்பாகவே கேட்டார்: "உன் பேர் என்னா?"

வடிவு அவர் முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்தது. பிறகு அவர் சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள்.

அவள் கை ரிப்பனுக்குப் போனது.

"வடிவு, பேரச் சொல்லு தாயி" என்று பேச்சியம்மா பதறினார். ரிப்பன் கீழே விழுந்தது. பின்னலை விரல்களால் பிரித்து முடியை முகத்தில் தள்ளிக்கொண்டு தலையைக் குனிந்தாள். "சொல்லு வடிவு, சொல்லலாம்" என்று நான் கெஞ்சினேன். அவள் இன்னும் குனிந்தாள். யார் என்ன கேட்டாலும் பேசக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

"கொழுந்து நல்லா எடுக்குங்க தொர" என்றார் அழகுமுத்து ஐயா.

துரை கையமர்த்தினார். என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினார். "இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். இவளை மலையில் ஏற்றுவது பாவம். உங்களிடமே இருக்கட்டும், மிஸ். கூரைத் தகரம் இந்த வாரமே வந்துவிடும்."

அந்த இடத்தில், அப்போதே, நான் சொல்லியிருக்க வேண்டும். தகரம் என்ற சொல் என் வாயை அடைத்துவிட்டது. "தேங்க் யூ சேர்" என்றேன். கர்த்தர் மன்னித்தாலும் அந்த மூன்று சொல்லுக்காக நான் என்னை மன்னிக்கமாட்டேன்.

பேச்சியம்மா வடிவின் முதுகில் ஓர் அடி வைத்தார். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் ஆபீசுக்குப் போய்த் துரையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ரிப்பன், டொபி, மூன்று மாதம், ஒன்று விடவில்லை. தகரம் வேண்டாம், நான் இல்லாத இடத்தில் அவளை ஒரே ஒரு தடவை கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கோபப்படவும் இல்லை.

"போன வருஷம் இவளுக்குப் பேர்கூடத் தெரியாது என்றீர்கள். நம்பினேன். இன்றைக்கு எல்லாம் தெரியும் என்கிறீர்கள். இரண்டு தடவையும் என்னிடம் ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். ஒரு மாதிரி நிற்கப் பழக்கிய பிள்ளையை இன்னொரு மாதிரி பேசவும் பழக்கலாமே, மிஸ்? சரிவில் விழுந்து இவளுக்கு ஏதாவது ஆனால் நான்தான் பதில் சொல்லவேண்டும்." எழுந்து கதவைத் திறந்துவிட்டார். தகரம் சொன்னபடி வரும் என்றும் சொன்னார். அது வேறு.

அங்கிருந்து நேரே மூன்றாம் நம்பர் லயத்துக்குப் போனேன். பேச்சியம்மா வாசலில் குந்தி இருமிக்கொண்டிருந்தார். அவருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மயிரைப் பிடித்து இழுத்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. காம்பராவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நாங் கண்ண மூடுனா இவ எங்க போவா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

எத்தனை துரைமாருக்கு, எத்தனை துரைசாணிமாருக்கு எத்தனை விதமாகப் பேசியவள் நான். பேச்சியம்மாவின் முன்னால் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

என் குரல் கேட்டு வடிவு உள்ளேயிருந்து ஓடிவந்தாள். தலை பின்னி, ரிப்பன் கட்டியிருந்தது. இடுப்பில் நேற்றுக் கட்டிய படங்கை அவிழ்க்கவிடவில்லையாம். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"டீச்சர், நேத்து நல்லா நின்னேனா?"

நான் தலையைக் குனிந்தேன். நான் அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"பேரு வாயில வந்துருச்சு டீச்சர். நா முழுங்கிட்டேன்."

சொல்லிவிட்டு டொபிக்காகக் கையை நீட்டினாள்.