செங்கமலம் தாழ்ப்பாள் போட்ட மத்தியானம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையே இல்லை. எங்கள் பிளாக்கின் பொங்கல் விழா மலருக்கு, நெய்வேலியில் நாம் கண்ட புயல்கள் என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். மலரைத் தொகுக்கிற சக்கரபாணி சார் வந்து, "டீச்சர், ரெண்டு பக்கம் போதும். ஆனா பயமுறுத்தாம எழுதுங்க" என்றார். பயமுறுத்தாமல் புயலைப் பற்றிச் சொல்ல நான் என்ன ரேடியோவா?

எனக்குக் காற்றென்றாலே பயம். ஐப்பசி பிறந்து எங்காவது ஒரு தென்னை மட்டை தொப்பென்று விழுந்தால் ஓடிப்போய் ஜன்னலையெல்லாம் சாத்திவிடுவேன். அந்தப் பயத்தோடுதான் இதை எழுதுகிறேன், தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டுரை இப்படித் தொடங்கியது: 'எழுபதுகளில் நம் நகரியத்தைத் தாக்கிய புயல்கள் பல. அவற்றுள்—'

அடித்துவிட்டேன். எங்கள் பிளாக்கில் யாரும் புயலுக்கு வருஷம் சொல்வதில்லை. தோப்புகள் வேரோடு சாய்ந்தது முந்திரிப் புயல். அதற்குச் சில வருஷம் கழித்து வந்தது சீட் புயல். குவார்ட்டர்ஸ் வாசலில் கூரையாக இறக்கியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் சீட்டெல்லாம் பறந்து, ஒருத்தர் வீட்டுச் சீட் இன்னொருத்தர் தோட்டத்தில் கிடந்தது. "எம்மவ சீட் புயலுக்கு மறுமாசம் பொறந்தா டீச்சர்" என்று பள்ளிக்கூடத்தில் சேர்க்க வருவார்கள். தேதி கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள்.

கட்டுரை முந்திரிப் புயலைத் தாண்டிவிட்டது. சீட் புயலில் வந்து நின்றவள் செங்கமலம். அதற்கு மேல் கட்டுரை நகரவில்லை.

2

'காற்று ஊளையிட்டது.'

இதுவும் வேண்டாம். செங்கமலமே சொன்னாள்: "ஊளையெல்லாம் இல்லீங்க டீச்சர். யாரோ பெரிய சாக்க தரதரன்னு இழுத்துக்கினு போற மாரி. நிக்கவே இல்ல."

செங்கமலம் குறிஞ்சிப்பாடிப் பக்கம். அவள் புருஷன் கொளஞ்சியப்பன் நெடுநாள் கான்ட்ராக்டில் இருந்து, அப்போதுதான் பெர்மனன்ட் ஆகியிருந்தார். சுரங்கத்தில் பம்ப் வேலை. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் விஜயகுமாரி, கோவில்பட்டிக்காரி. அவள் புருஷன் சோமசுந்தரத்துக்கும் அதே பம்ப்தான். அன்றைக்கு சோமசுந்தரம் காலை ஷிப்ட், கொளஞ்சியப்பன் மத்தியான ஷிப்ட். இவர் இறங்கினால்தான் அவர் ஏறுவார்.

(வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும் என்பார்கள். அதனால் ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்ட் ஆள், வந்து நிற்காமல் பம்பை விட்டு எவரும் மேலே வருவதில்லை. மழை நாளில் நினைத்துப் பாருங்கள். கீழேயிருந்தும் தண்ணீர், மேலேயிருந்தும் தண்ணீர், நடுவில் ஒரு மனுஷன்.)

3

மத்தியானமே விளக்கேற்றுகிற இருட்டு. கரண்ட் போய்விட்டது. கொளஞ்சியப்பன் பூட்ஸை மாட்டிக்கொண்டு எழுந்தார். செங்கமலம் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"எங்கண்ணனும் இப்டித்தான்யா சைக்கிள எடுத்துக்கினு கெளம்பிச்சு. வேணாய்யா, போவாத."

அவள் அண்ணன் முந்திரிப் புயலன்று ஷிப்டுக்குப் போகும் வழியில், தூங்குமூஞ்சி மரம் சாய்ந்து செத்துப்போனவர். கொளஞ்சியப்பன் போக வேண்டியதும் அதே ரோடு.

"அந்தாளு கீழ நின்னுக்கினு கெடக்கிறாரு. நான் போவாம ஏற மாட்டாரு, செங்கமலம்."

"ஊர்ல வேற ஆளே இல்லியா?"

"எல்லாரு வூட்லயும் ஒரு செங்கமலம் கதவ சாத்திக்கினு நிப்பாளே!"

சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

(இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம். மூட்டை தூக்கிய உடம்பு. அவளை ஒரு கையால் விலக்கியிருக்கலாம். முதலில் எழுதியபோது அவரைப் பத்து வரி வாதாட விட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். அவருக்கும் பயம். தாழ்ப்பாளை அவள் போட்டது அவருக்கு வசதியாகப் போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.)

அப்போது பொதுச்சுவரில் டொக் டொக் என்று சத்தம். விஜயகுமாரியின் குரல்.

"செங்கமலம்க்கா! அண்ணன் கெளம்பிட்டாகளா?"

"கெளம்பிடுச்சு விஜயா! அப்பவே கெளம்பிடுச்சு!"

"அப்பாடா! அப்ப இவுக வந்துருவாக!"

கொளஞ்சியப்பன் செங்கமலத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

4

இந்தப் பொய்க்காக அவளைத் திட்டி மூன்று பக்கம் எழுதினேன். 'மனிதனின் சுயநலம்' என்று ஒரு வரி. தூ! கிழித்துப் போட்டேன். நானாக இருந்தால்? தாழ்ப்பாளும் போட்டிருப்பேன், பொய்யும் சொல்லியிருப்பேன். புயலைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

பொய் சொன்னவள் ஒன்றை மறந்துவிட்டாள். எங்கள் பிளாக்கில் ஒரு வழக்கம். புயல் நாளில் ஆம்பிளை ஷிப்டுக்குப் போன வீட்டில் பெண்ணைத் தனியாக விடமாட்டோம். பக்கத்து வீட்டுக்காரி போய்க் கையோடு கூட்டி வந்துவிடுவாள்.

விஜயகுமாரி அந்தக் காற்றில் இறங்கி வந்துவிட்டாள்.

"யக்கா! ஒத்தையில இருப்பீகளே, எங்க வீட்டுக்கு வாங்க! இவுக வந்ததும் காப்பி போட்டுச் சேந்து குடிப்போம். கதவத் தொறங்கக்கா, தலைக்கு மேல சீட்டு ஆடுது!"

செங்கமலத்தின் கை தாழ்ப்பாளில். பின்னால் பூட்ஸ் காலோடு கொளஞ்சியப்பன். ஒளிய அந்த வீட்டில் இடம் ஏது? ஒரே ஒரு அறை, அடுப்படி, அவ்வளவுதான்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். கொளஞ்சியப்பன் செங்கமலத்தை விலக்கிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்கு ஓடுகிறார்: மலருக்குப் பொருந்தும், சக்கரபாணி சார் கை கொடுப்பார். கதவு திறந்ததும் விஜயகுமாரி செங்கமலத்தின் தலைமுடியைப் பிடித்து— இல்லை, சினிமா. கதவைத் திறக்காமலே செங்கமலம்—

இதை முடிக்கக் கை வரவில்லை.

செங்கமலம் என்னிடம் இதுவரைதான் சொன்னாள். "அப்புறம்?" என்றேன். "அப்புறம் என்னாங்க டீச்சர் அப்புறம்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். விஜயகுமாரியைக் கேட்கலாம், மார்க்கெட்டில் பார்த்தால் சிரிப்பவள்தான். ஆனால் அன்றைக்கு அண்ணன் கிளம்பிவிட்டார் என்று அவள் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருந்தால்? நான் கேட்கிற கேள்வியே அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுமே. எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

சோமசுந்தரம் பிழைத்தாரா என்கிறீர்கள். தெரியும், சொல்லமாட்டேன். சொன்னால் அதை வைத்து நீங்கள் செங்கமலத்துக்குத் தீர்ப்பு எழுதிவிடுவீர்கள். அவளுக்கு அப்போது அது தெரியாது. தெரியாமல்தான் நின்றாள். நீங்களும் அப்படியே நில்லுங்கள்.

வாருங்கள், அவள் இடத்துக்கு. முதுகுக்குப் பின்னால் உங்கள் புருஷன் மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. காற்றில் கதவு உள்பக்கமாக எக்கி எக்கித் தள்ளுகிறது. மழைத் தண்ணீர் கதவிடுக்கு வழியாக உங்கள் பாதத்துக்கு வந்துவிட்டது. கதவு திறக்காததைப் பார்த்து, வெளியே இருப்பவள் நீங்கள் பயந்துபோயிருப்பதாக நினைத்துக்கொள்கிறாள். கதவோடு வாயை ஒட்டவைத்துச் சொல்கிறாள்:

"பயப்படாதீகக்கா. நான்தான், விஜயா."