வெள்ளை முளைக்குச்சி

பிரிக்பீல்ட்ஸுக்குக் கீழே ஆற்றோரம் எங்கே தோண்டினாலும் ஆறடிக்கு அடியில் ஜல்லி கிடைக்கும். கடவுள் கொடுத்த வரம் என்றார் கம்பெனித் துரை. வரமாம்! மேலே இருக்கிற அந்த ஆறடிக்குள் யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று அவரிடம் முதலில் யாரும் சொல்லவில்லை. சொன்னபோது பிளான் போட்டு முடித்தாகிவிட்டது.

பெரிய வெள்ளம் வடிந்த மறு வருஷம் அது. ரயில் பாதைக்கு ஜல்லி வேண்டும், பட்டறை கட்ட மேட்டு நிலம் வேண்டும். கம்பெனியின் திட்டம் லேசானது. மேல்மண்ணை வெட்டிப் பக்கத்துச் சதுப்பில் கொட்டி மேடாக்குவது, அடியில் இருக்கும் ஜல்லியை அள்ளி விற்பது. வெட்டப்போகும் இடத்தின் நட்டநடுவில், கப்பலேறிப் பிழைக்க வந்த நம் கூலி ஜனங்களின் இடுகாடு இருந்தது.

நிலம் அளக்கும் கூட்டத்தில் நாகையா சங்கிலி பிடிப்பவன். பன்னிரண்டு வருஷ வேலை. கிள்ளான் வரைக்கும் செராஸ் வரைக்கும் அவன் கால் படாத எல்லை கிடையாது. ஓரடி பிசகினால் துரைக்கு முன்னால் அவனே கத்துவான். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத் தன் மகளைப் புதைத்த இடம் மட்டும் தெரியவில்லை.

பவுனு நாலு வயதில் காய்ச்சலில் போனாள். போய் மூன்று வருஷம். அன்றைக்கு அவன் பெண்டாட்டி மாரியாயி பிள்ளையின் ஒரு கொலுசைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். மற்றதைக் காலிலேயே விட்டாள். பிணத்தோடு பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை, நாகையாதான் தூக்கிப் போனான். குழி மூடியதும் கூட வந்தவர்கள் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, "திரும்பிப் பாக்காம நட. பாத்தா புள்ள பின்னாலயே வந்துரும்" என்றார்கள். அவன் பார்க்கவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கல் நடுவதும் கிடையாது. ஒரு வாதுமை மரத்துக்குக் கிழக்கே என்பது மட்டும் நினைவில் இருந்தது. வெள்ளம் அந்த மரத்தையும் பிடுங்கிக்கொண்டு போய், மேலே வண்டலையும் பூசிவிட்டது.

துரையின் உத்தரவை வாசித்துக் காட்டியவர் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி டொமினிக். அடையாளமுள்ள குழியைச் சுற்றிப் பத்தடி விட்டுவிடுவார்கள், அங்கே வெள்ளை முளைக்குச்சி. அடையாளம் இல்லாவிட்டால் உரியவர் ஒரு வாரத்துக்குள் வந்து இடத்தைக் காட்ட வேண்டும். காட்டாத இடமெல்லாம் சிவப்புக் குச்சி. சிவப்பு என்றால் வெட்டு.

ஜனங்கள் வந்தார்கள். "இங்கதான்... இல்ல, அந்தப் பக்கம்" என்று தடுமாறினார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

"எங்க மாதா கோயில் கல்லறையில ஒவ்வொரு குழிக்கும் நம்பர் இருக்கு, நாகையா" என்றார் டொமினிக். குத்திக்காட்டும் எண்ணத்தில் சொல்லவில்லை. "உங்க ஆளுங்க ஒரு கல்லாச்சும் போட்டு வச்சிருக்கக் கூடாதா?"

நாகையாவுக்குச் சுருக்கென்றது. வீட்டிலோ மாரியாயிக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. "ஊரையே அளக்கிறவரு. எம் புள்ள எடத்தக் காட்டிருவீங்கல்ல?" என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் ஒரு வெள்ளைக் குச்சியை எடுத்துக்கொண்டு நடந்தான். மரம் நின்ற பள்ளம் இதுதான் என்று தானே ஒன்றை முடிவு செய்தான். அதிலிருந்து கிழக்கே பன்னிரண்டு எட்டு வைத்துக் குச்சியை அடித்தான்.

டொமினிக் எழுதுவதை நிறுத்தினார். "நிச்சயமா?"

"நிச்சயம், கிராணியாரே."

"சந்தேகம்னா சொல்லுப்பா. கொஞ்சம் தோண்டிப் பாத்துருவோம். யாருக்கும் தெரிய வேணாம்."

"எம் புள்ள கெடக்கிற எடம் எனக்குத் தெரியாதா?" என்று சீறினான்.

பாவி மனுஷன்! தோண்டியிருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்? மூடிய குழியைத் திறக்கிறதா என்று ஒரு பயம் இருந்தது, வாஸ்தவம். ஆனால் அதைவிடப் பெரிது, தெரியாது என்று வாயைத் திறந்து சொல்ல வெட்கம். சங்கிலிக்காரனாயிற்றே!

இரண்டு மாதத்தில் நாலு பக்கமும் பள்ளமாகி, வெள்ளைக் குச்சியோடு அந்தத் திட்டு மட்டும் தட்டில் மிச்சம் வைத்த சோற்றுருண்டை மாதிரி நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் மாரியாயி ஏணி வைத்து ஏறி அகல் ஏற்றினாள். "எங்க வீட்டுக்காரரு கண்ணு தப்புமா?" என்று மற்றப் பெண்களிடம் பெருமையடித்துக்கொண்டாள். நாகையா தலையைக் குனிந்துகொள்வான். பகலெல்லாம் அவளுக்குச் சதுப்பில் வேலை. தொட்டிவண்டி கவிழ்க்கும் மண்ணை மண்வெட்டியால் இழுத்துப் பரப்பி, காலால் மிதித்துச் சமன்செய்ய வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மட்டம் பார்க்க நாகையா சதுப்புக்கு வந்தான். பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கூடி நின்றார்கள். நடுவில் புது மண்ணில் மாரியாயி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் கறுத்துப்போன குட்டிக் கொலுசு. மறு கையில் முந்தானையிலிருந்து அவிழ்த்த கொலுசு. இரண்டும் ஒரே ஜோடி.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"காலையிலேருந்து இந்த மண்ணத்தான் இழுத்தேன்" என்றாள். "மிதிச்சேன். சிரிச்சுப் பேசிக்கிட்டே மிதிச்சேன்."

தலையை நிமிர்த்தி, தூரத்தில் நின்ற வெள்ளைக் குச்சியைப் பார்த்தாள்.

"அந்தத் திட்டுல யாரு இருக்கா?"

"தெரியல, மாரி."

"அன்னிக்கே தெரியலன்னு சொல்லியிருந்தா நானே கையால தோண்டித் தேடியிருப்பேனே." கொலுசு இரண்டையும் சேர்த்து முடிந்துகொண்டு எழுந்தாள். "திரும்பிப் பாத்தா புள்ள பின்னாலயே வந்துரும்னாங்களாமே. வந்தா வரட்டுமேன்னு ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதா?"

அடுத்த தொட்டிவண்டி வந்து நின்றது. "கவுக்கலாமா, அண்ணே?" என்று வண்டிக்காரன் கேட்டான். பிளான்படி அந்த இடத்துக்கு இன்னும் ஓரடி மண் வேண்டும்.

"மட்டம் வந்துருச்சு. வேற எடத்துல கொட்டு" என்றான் நாகையா. அவன் சொன்ன இரண்டாவது பொய் அளவு அது.

மறுநாள் டொமினிக் வந்து அளந்து பார்த்தார். ஓரடி குறைந்தது. கொட்டினார்கள்.